பருவத்துக் காயும் பக்கத்து ஊர்க் காயும்

அந்தந்தப் பருவத்துக் காயை, அந்தந்த வட்டாரத்தில் விளைந்ததை வாங்கிச் சமைப்பதே நல்லது என்பதில் சித்த வைத்தியருக்கும், இயற்கை வேளாண்மைக்காரருக்கும், சூழலியலாளருக்கும், சமையல் நிபுணருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஏன் நல்லது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு காரணம் வருகிறது. ஒருவர் உடம்பைச் சொல்கிறார், ஒருவர் மண்ணை, மூன்றாமவர் லாரிப் புகையை, நான்காமவர் நாக்கை. தீர்ப்பு ஒன்றாகவும் காரணம் நான்காகவும் இருக்கும் வழக்கில் ஒவ்வொரு காரணமும் தனித்து நிற்குமா என்று தட்டிப் பார்க்கத்தான் வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, பருவத்தில் விளைந்தது, அருகில் விளைந்தது என்ற இரு தகுதிகளையும் எல்லோரும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிடுவது முதலில் கண்ணில் படுகிறது. ஊட்டி கேரட் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் பயணம் செய்து சென்னைக்கு வருகிறது. ஆனால் அது தனக்கு ஒத்த குளிரில் விளைந்தது. சித்திரை வெயிலில் திருவள்ளூரிலிருந்து வரும் கத்தரிக்காய்க்குத் தூரம் குறைவு. அது ஆழ்துளைக் கிணற்று நீரையும் பூச்சிமருந்தையும் நம்பி விளைந்ததாக இருக்கலாம். இந்த இரண்டில் எது நல்ல காய் என்பதற்குப் பழகிப்போன அறிவுரையில் விடை இல்லை. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, தூரத்தைக் கொண்டு சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் மெலிந்தவை, காயின் இயல்பையும் பருவத்தையும் கொண்டு சொல்லப்படுபவை வலுவானவை, அவையும் எல்லாக் காய்க்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை என்பதே இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

ஆறு பொழுதும் பட்டங்களும்

தொல்காப்பியம் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறது. ஆயுர்வேதத்தில் சரக சம்ஹிதை ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய உணவையும் ஒழுக்கத்தையும் தனி அத்தியாயமாகவே பேசுகிறது. சித்த மரபில் பதார்த்த குண சிந்தாமணி போன்ற நூல்கள் காய், கீரை, கிழங்கு ஒவ்வொன்றின் சூடு, குளிர்ச்சி, வாத பித்தக் குணங்களைப் பட்டியலிடுகின்றன. இவற்றின் நோக்கு உடம்பைப் பற்றியது. பருவம் மாறும்போது உடம்பின் நிலை மாறுகிறது, உணவும் மாற வேண்டும் என்பதே அடிப்படை. காய் எந்த ஊரில் விளைந்தது என்பது அங்கே மையக் கேள்வியாக எழவில்லை. அன்று வேறு ஊர்க் காய் வந்துசேரப் பெரிய வழியும் இல்லை.

உழவரின் கணக்கு வேறு. ஆடிப்பட்டம், புரட்டாசிப்பட்டம், தைப்பட்டம், சித்திரைப்பட்டம் என்ற விதைப்புக் காலப் பிரிவுகள் உடம்பைப் பார்த்து வகுக்கப்பட்டவையல்ல. மழையையும் வெயிலையும் பகலின் நீளத்தையும் பார்த்து வகுக்கப்பட்டவை. பந்தலில் படரும் அவரை இதற்குத் தெளிவான சான்று. ஆடியில் ஊன்றினாலும் அது அவசரப்படாது. கொடி வீசி, பந்தலை மூடி, பகல் குறுகத் தொடங்கிய பிறகே பூவெடுக்கும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில்தான் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பொங்கல் குழம்பில் அவரையும் மொச்சையும் பரங்கியும் சிறுகிழங்கும் சர்க்கரைவள்ளியும் கூடுவது யாரோ அமர்ந்து போட்ட சாத்திரம் என்பதைவிட, தை முதல் வாரத்தில் தோட்டத்தில் இருந்த பொருள்களின் பட்டியல் என்று கொள்வது பொருத்தம். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரை ரகங்கள் வந்த பிறகு ஆண்டு முழுவதும் அவரைக்காய் கிடைக்கிறது. முருங்கையிலும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 போன்ற செடிமுருங்கை ரகங்கள் காய்க்கும் காலத்தை நீட்டின. ஆனாலும் மார்கழியில் முருங்கைக்காய் விலை கிலோவுக்குச் சில நூறு ரூபாய் வரை ஏறுவதைப் பல ஆண்டுகளில் காண்கிறோம். மழையிலும் பனியிலும் பூ உதிர்வதை எந்த ரகமும் முழுமையாகத் தடுக்கவில்லை.

ஐரோப்பாவில் பருவம் என்பது பெரும்பாலும் உறைபனியின் எல்லை. அந்த எல்லையைத் தாண்டினால் கண்ணாடிக்கூடமும் வெந்நீர்க் குழாயும் வேண்டும். இங்கே அந்த எல்லை இல்லை. தண்ணீர் இருந்தால் பெரும்பாலான நாட்டுக்காய்களை எந்த மாதத்திலும் எப்படியாவது எடுத்துவிடலாம். ஆகவே இங்கே பருவத்தை மீறுவதற்கான விலை வேறு இடத்தில் செலுத்தப்படுகிறது. இதை மறந்து ஐரோப்பியக் கணக்கை அப்படியே எடுத்து வைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

எது நம்முடைய காய்?

கடைத்தெருவில் நாட்டுக்காய், இங்கிலீஷ் காய் என்று இரண்டு கூறு உண்டு. 1820களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் உதகையில் குடியேறி, உருளைக்கிழங்கையும் ஐரோப்பியக் காய்கறிகளையும் அங்கே பயிரிட வழிசெய்தார். இலங்கையில் சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் அமைத்த குடியிருப்பும் அதே வகை முயற்சிதான். அங்கும் மலைநாட்டுக் காய்கறி என்று ஒரு தனிப் பிரிவு சந்தையில் இன்றுவரை நிற்கிறது. நாட்டுக்காய், இங்கிலீஷ் காய் என்ற பிரிவுக் கோட்டை மிகக் கறாராகக் காப்பது சிராத்தச் சமையல். முட்டைகோஸ், கேரட், பீன்ஸ், உருளை, தக்காளி, மிளகாய் எதுவும் அதில் சேராது. வாழைக்காய், பாகல், புடலை, அவரை, கொத்தவரை, சேனை, காரத்துக்கு மிளகு என்று அது நிற்கும்.

மரபான காயே நல்ல காய் என்று வாதிடுவோர் இந்தப் பட்டியலை மேற்கோள் காட்டுவதுண்டு. தாவரவியல் அதற்கு முழுமையாக ஒத்துழைக்கவில்லை. அந்தச் சமையலில் பல வீடுகளில் இடம்பெறும் சர்க்கரைவள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அவரை, சுரை, வெண்டை ஆகியவற்றின் மூதாதையர் ஆப்பிரிக்காவோடு தொடர்புடையவர்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கத்தரியும் வெள்ளரியும் இந்தப் பகுதியின் சொத்து என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். மிளகாய் இல்லாமல் ஒரு நாள் ஓடாத தமிழ்ச் சமையலில், மிளகாய் பதினாறாம் நூற்றாண்டுக்கு முன் இல்லவே இல்லை. எனவே பூர்விகத்தைக் கொண்டு நல்லது கெட்டது பார்ப்பது நீண்ட தூரம் போகாது. மேல்நாட்டுக் காய் என்று ஒதுக்கப்படும் சௌசௌ கொடைக்கானல் சரிவில் சுகமாகக் காய்க்கிறது. நாட்டுக்காய் என்ற பெயர் எங்கே பிறந்தது என்பதைவிட, சமவெளி வெப்பத்தில் எது பாடுபடாமல் வளர்கிறது என்பதையே உண்மையில் குறிக்கிறது. அந்தப் பொருளில் அது பயனுள்ள பிரிவுதான்.

தூரத்தை அளந்தவர்கள்

உள்ளூர் விளைச்சலுக்கான நவீன வாதம் இந்தியாவில் பொருளாதாரமாகத் தொடங்கியது. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா, ஒரு லட்சம் பேர் கொண்ட வட்டாரம் தன் தானியம், பருப்பு, எண்ணெய், காய்கறி எல்லாவற்றையும் தானே விளைவித்துக்கொள்ள எவ்வளவு நிலத்தை எதற்கு ஒதுக்க வேண்டும் என்று சமநிலைச் சாகுபடித் திட்டம் ஒன்றை வகுத்தார். பின்னாளில் கோ. நம்மாழ்வார் போன்றோர் மண், விதை, உடல்நலம் மூன்றையும் இணைத்து அதைத் தமிழக ஊர்களுக்குக் கொண்டு சென்றார்கள். மேற்கில் 1990களில் பிரிட்டனின் டிம் லாங் முன்வைத்த ‘உணவு மைல்’ என்ற கருத்து வேறு திசையிலிருந்து வந்தது. தட்டுக்கு வந்த உணவு எத்தனை மைல் கடந்ததோ, அத்தனைக்குச் சூழல் கெடுகிறது என்று பொதுமக்கள் அதைப் புரிந்துகொண்டார்கள்.

கணக்கெடுக்கத் தொடங்கியதும் இந்த எளிமை கலைந்தது. 2005இல் பிரிட்டிஷ் அரசுக்காகச் செய்யப்பட்ட ஆய்வில், சூடேற்றிய கண்ணாடிக்கூடத்தில் விளைந்த உள்நாட்டுத் தக்காளி, ஸ்பெயினிலிருந்து லாரியில் வந்த தக்காளியைவிட மூன்று மடங்குக்கும் கூடுதலான கரியமில வாயுவுக்குக் காரணமானது தெரியவந்தது. 2008இல் அமெரிக்காவில் வெபர், மேத்யூஸ் இருவரும் செய்த கணக்கில் உணவால் வரும் பசுமைஇல்ல வாயுவில் போக்குவரத்தின் பங்கு சுமார் 11 சதவீதம். பண்ணையிலிருந்து கடைக்கு வரும் கடைசிப் பயணம் 4 சதவீதம் மட்டுமே. உற்பத்தியே 83 சதவீதம். உணவு மைல் வாதம் செத்தது என்று பலர் அப்போது எழுதினார்கள்.

அதுவும் அவசரம். 2022இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெங்யூ லியும் சக ஆய்வாளர்களும், உரம், எந்திரம், எரிபொருள் ஆகியவை வயலுக்கு வந்துசேரும் பயணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, உணவு அமைப்பின் மொத்த வெளியீட்டில் ஐந்தில் ஒரு பங்கு போக்குவரத்தால் வருகிறது என்றார்கள். காய், பழத்தின் விஷயத்தில் பயணத்தால் வரும் வாயு, விளைவிப்பதால் வருவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது அவர்களின் முடிவு. காரணம் விளங்கக்கூடியதே. இறைச்சியோடு ஒப்பிடக் காயை விளைவிக்க ஆகும் வெளியீடு குறைவு. அதற்குக் குளிர்வண்டி வேறு வேண்டியிருக்கிறது. எல்லையை எங்கே வரைகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

இவற்றில் எதுவும் தமிழ்நாட்டுச் சந்தையை நேரடியாக அளந்ததல்ல. இங்கே சூடேற்றிய கண்ணாடிக்கூடம் அபூர்வம். கோயம்பேட்டுக்கு மதனப்பள்ளியிலிருந்து வரும் தக்காளிக்குக் குளிர்வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை, பிளாஸ்டிக் கிரேட்டில் ஓரிரவுப் பயணம் அவ்வளவுதான். ஒட்டன்சத்திரத்துக் காயில் பெரும்பங்கு கேரளத்துக்குப் போகிறது. அது மாநில எல்லையைத் தாண்டுகிறதே தவிர பெரிய தூரம் போவதில்லை. மறுபக்கம், இங்கே கோடையில் காய் எடுப்பதற்கு ஆகும் செலவு இலவச மின்சாரத்தில் ஓடும் மோட்டாரிலும் இறங்கிக்கொண்டே போகும் நிலத்தடி நீரிலும் இருக்கிறது. மைல் கணக்கு இதைக் காண்பதே இல்லை. தூரத்தை மட்டும் பார்த்து வாங்குபவர், வேலூர் வெயிலில் ஆயிரம் அடி ஆழத்து நீரில் விளைந்த காயைப் புண்ணியமென்று எடுத்துக்கொள்ளக் கூடும்.

காய்க்குள் நடப்பது

சத்து, சுவை என்ற காரணங்களுக்குச் சான்று ஓரளவு கூடுதல். 2007இல் ரிக்மன், பாரெட், புரூன் ஆகியோர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 4 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் வைத்த காய்களில் வைட்டமின் சி இழப்பு பட்டாணியில் 15 சதவீதம், பீன்ஸில் 77 சதவீதம் என்று பெரிய இடைவெளி தெரிந்தது. புதியது என்ற பெயரில் குளிர்பெட்டியில் ஒரு வாரம் கிடந்ததைவிடப் பறித்த அன்றே உறையவைத்தது சில சத்துகளில் மேலானதாக இருக்கலாம் என்பதும் அதே தொகுப்பிலிருந்து புலப்படுகிறது. பருவத்தின் பங்கைத் தனியே காட்டுவது 2008இல் வந்த ப்ரோக்கோலி ஆய்வு: இலையுதிர் காலத்தில் விளைந்ததில், வசந்தத்தில் விளைந்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வைட்டமின் சி இருந்தது, இயற்கை முறையில் விளைந்ததா இல்லையா என்பது பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. ஒரு காயை, ஒரு சத்தை வைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான்.

நம் சமவெளிக் காய்களுக்கு இதைவிட முக்கியமான ஒரு செய்தி உண்டு. அது பேசப்படுவது குறைவு. கத்தரி, வெண்டை, வெள்ளரி, தக்காளி எல்லாம் குளிருக்குப் பழகாதவை. கேரட்டும் முட்டைகோஸும் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் நன்றாக இருக்கும். கத்தரிக்காயை அதே குளிரில் வைத்தால் தோலில் பள்ளம் விழும், விதை கறுக்கும். வெண்டைக்காய் புள்ளி விழுந்து கொழகொழக்கும். தக்காளியைக் குளிரில் வைக்கும்போது மணம் தரும் பொருள்கள் குறைகின்றன, அவற்றை உருவாக்கும் மரபணுக்களின் வேலை தடைபடுகிறது என்பதை 2016இல் புளோரிடா ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெண்டையில் இன்னொரு நெருக்கடியும் இருக்கிறது. பூத்து ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும், தாண்டினால் நார். அதனால் தோட்டத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பார்கள். கடையில் நுனியை ஒடித்துப் பார்ப்பவர் சோதிப்பது இதைத்தான். சட்டென்று ஒடிந்தால் இளசு, வளைந்தால் முற்றல், துவண்டால் பறித்து நாளாகிவிட்டது. இப்படிப்பட்ட காய்க்கு அருகில் விளைவது கொள்கை சார்ந்த விருப்பமல்ல, அதன் உடலமைப்பு விதிக்கும் நிபந்தனை. கீரைக்கும் அதேதான். பூசணி, சேனை, கருணை, சின்ன வெங்காயம் ஆகியவற்றுக்கு அந்த அவசரமே இல்லை. வாரங்கள் கழித்து வேறு மாவட்டத்துக்குப் போனாலும் குறை சொல்ல முடியாது.

தூரப் பயணம் காயின் குணத்தையே மாற்றிவிடும் என்பதையும் சேர்க்க வேண்டும். கடையில் அருகருகே கிடக்கும் நாட்டுத் தக்காளியையும் பெங்களூர்த் தக்காளியையும் பார்த்தால் போதும். ஒன்று தோல் மெலிந்து, பிளவுபட்ட தோள்களோடு, புளிப்பும் சாறுமாக இருக்கும். மற்றது சதைப்பற்றோடு, தட்டையாக அடுக்க வசதியாக, நாலைந்து நாள் தாங்கும். இரண்டாவது பயணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ரசத்துக்கு எது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. சாலட்டுக்கு இரண்டாவதே மேல் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மலிவும் மருந்தும்

பருவத்துக் காய் மலிவு என்பது நுகர்வோரின் வலுவான வாதம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. வரத்துப் பெருகும் மாதங்களில் அதே தக்காளி பறிகூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் சாலையோரம் கொட்டப்படுகிறது. வாங்குபவருக்கு மலிவு என்று தோன்றுவது விற்பவருக்கு இழப்பு. பருவத்தில் வாங்குங்கள் என்ற அறிவுரையைப் பரப்புவோர் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இடைத்தரகரை விலக்கி இருதரப்புக்கும் சற்றுக் கட்டுப்படியாகும் விலையைத் தர முயன்றது. அது வாங்குபவர் அருகில் இருக்கும் சிறு விவசாயிக்கு உதவும் அமைப்பு. வெள்ளமாக வரும் விளைச்சலை அது தாங்காது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 2015இல் வெளிவந்த மதிப்பீட்டில் அறுவடைக்குப் பிந்தைய இழப்பு தக்காளியில் 12.44 சதவீதம், காய்கறிகளில் அதுவே உச்சம்.

பூச்சிமருந்து பற்றிய எதிர்பார்ப்பிலும் கவனம் வேண்டும். அருகில் விளைந்தால் மருந்து குறைவு என்பதற்கு ஆதாரமில்லை. கத்தரிச் செடியின் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு ஊர் எல்லை தெரியாது. 2010 பிப்ரவரியில் மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்குத் தடை வந்தபோது நடந்த நீண்ட விவாதத்தின் பின்னணியே அந்தப் புழுவுக்காக அடிக்கப்படும் மருந்துதான். பருவம் தவறிப் பயிரிடும்போது பூச்சியும் நோயும் கூடும் என்பது வேளாண்மையில் ஏற்கப்பட்ட பொதுக் கருத்து. ஆண்டு முழுவதும் ஒரே பயிர் நின்றால் பூச்சிக்கும் ஆண்டு முழுவதும் சாப்பாடு. ஆகவே இந்த வாதத்தில் வலு இருப்பது ‘பருவம்’ என்ற பாதிக்கு.

அடுப்படியின் கணக்கு

இத்தனை வாதங்களிலும் குறைவாகப் பேசப்படுபவர் சமைப்பவர். பருவத்துக் காயைச் சமைக்கும் திறமை தமிழ்ச் சமையலின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. சாம்பார், கூட்டு, பொரியல், புளிக்குழம்பு, மோர்க்குழம்பு எதுவும் ஒரு குறிப்பிட்ட காயை நம்பி நிற்பதில்லை. முறை ஒன்று, காய் எதுவாகவும் இருக்கலாம். திருவாதிரைக் கூட்டில் ஏழு காய் என்பார்கள், எந்த ஏழு என்பது வீட்டுக்கு வீடு மாறும். மிஞ்சியதை மழைக்காலத்துக்குக் கடத்தும் வழியும் உண்டு. பங்குனி, சித்திரை வெயிலில் உப்பிட்டும் மோரில் ஊறவைத்தும் காயவைக்கும் சுண்டை, மணத்தக்காளி, கொத்தவரை, மிளகாய் வற்றல்கள் ஐப்பசி அடைமழையில் குழம்பாகின்றன. காய்க்கேற்பச் சமையலை மாற்றும் இந்தப் பழக்கம், சமையல் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு காயைத் தேடும் பழக்கத்துக்கு நேர்மாறானது. பருவத்தைப் பின்பற்றுவது தியாகம் என்ற எண்ணம் இரண்டாவது பழக்கத்தில்தான் பிறக்கிறது.

இதற்கு எழும் எதிர்ப்பு நியாயமானது. நாட்டுக்காய் நேரம் கேட்கும். வாழைப்பூவில் ஒவ்வொரு பூவாக நரம்பும் செதிலும் எடுக்க வேண்டும், கை கறுக்கும். சிறுகிழங்கின் தோலைத் தேய்த்தெடுக்க அரைமணி நேரம். முளைக்கீரைக் கட்டைப் பிரித்து ஆய்ந்து அலசுவதற்குள் இரண்டு பேருந்து போய்விடும். பீன்ஸும் கேரட்டும் நகரத்து அடுப்படியை வென்றதற்குச் சுவை மட்டும் காரணமல்ல. வேலைக்குப் போகும் பெண்ணின் காலை நேரத்துக்கு அவை ஒத்துவந்தன. மரபு உணவைப் போற்றும் எழுத்துகளில் பெரும்பகுதி, அதை ஆய்ந்து கொடுப்பவர் யார் என்ற கேள்வியைக் கடந்து போய்விடுகிறது. அந்த வேலை வீட்டில் பகிரப்படாதவரை இந்த அறிவுரை ஒருவரின் சுவைக்காக இன்னொருவரின் நேரத்தைக் கேட்பதாகவே முடியும். இன்னோர் எதிர்ப்பும் உண்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி என்கிறது. அந்த அளவைத் தொடாத குடும்பங்களிடம் எந்த ஊர்க் காய் என்று கேட்பதற்கு முன், காய் வாங்கவே கட்டுகிறதா என்று கேட்க வேண்டும். விலை குறைந்த மாதத்தில் விலை குறைந்த காயை எடுப்பது என்ற அளவில் மட்டும் பருவ அறிவுரை அவர்களுக்கும் உதவும்.

முடிவாகாதவை

தமிழ்நாட்டு நிலவரத்தில் சில முடிவுகளை ஓரளவு நம்பிச் சொல்லலாம். கீரை, வெண்டை, கத்தரி, நாட்டுத் தக்காளி போன்றவற்றை அருகில் விளைந்ததாகவும் பறித்து ஓரிரு நாளுக்குள்ளும் வாங்குவதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. கிழங்கும் பூசணியும் மலைக்காயும் எங்கிருந்து வந்தாலும் தத்தம் காலத்தில் வந்தால் போதும். பூர்விகம், மைல் என்ற இரு அளவுகோல்களும் பெரிதாக உதவவில்லை. உடம்பின் பருவ மாற்றத்துக்கு ஏற்ற உணவு என்ற மரபுக் கொள்கையை நவீன முறையில் சோதித்த வலுவான சான்று இன்னும் போதுமான அளவில் இல்லை. இல்லை என்பதால் அது பொய் என்றும் ஆகாது.

திறந்தே கிடப்பவை இதைவிடக் கனமானவை. கோடைக் கத்தரி ஒரு கிலோவுக்கு எத்தனை லிட்டர் நிலத்தடி நீர், மழைக்காலத்து மலைக்காய் ஒரு கிலோவுக்கு நீலகிரிச் சரிவிலிருந்து எவ்வளவு மேல்மண் என்று ஒரே தராசில் வைக்கும் கணக்கு இருந்தால் மட்டுமே தொடக்கத்தில் கேட்ட கேரட்டா கத்தரியா என்ற கேள்விக்கு நேரான விடை வரும். பருவத்தில் பெருகும் விளைச்சலின் நட்டத்தை யார் ஏற்பது என்பதும் அப்படியே நிற்கிறது. குளிர்கிடங்கு என்று எளிதாகச் சொல்லிவிடலாம், குளிர் ஒவ்வாத காய்களுக்கு அது பதிலாகாது. பட்டமே நிலையாக இருக்குமா என்பது மூன்றாவது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. அது பிந்தினாலோ நான்கு நாளில் கொட்டித் தீர்த்தாலோ, புரட்டாசிப்பட்டத்துக்கு விதைப்பவர் எந்த நாளை நம்பி விதைப்பது என்பதைப் பழைய பஞ்சாங்கமும் புதிய வானிலை அறிக்கையும் இன்னும் ஒரே குரலில் சொல்லவில்லை.